பாவித்த கத்தி

ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே, மேகம் இறங்கிவிட்டால் எதிர் லயத்து வீட்டு வரிசையே கண்ணுக்குத் தெரியாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், மார்கழி மாதத்துக் காலையொன்றில், காளிமுத்துவின் சவரக்கத்தி அவன் கையிலிருந்து நழுவிக் கருங்கற்படியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தான். கத்தியின் வாயில் நெல்மணி அளவுக்கு ஒரு பல் பெயர்ந்திருந்தது.

அது அவனுடைய தகப்பனார் முதுகுளத்தூரில் வைத்துத் தொழில் செய்து, மகன் கப்பலேறுகையில் மடியில் முடிந்து அனுப்பிய கத்தி. கல்லில் தீட்டித் தீட்டி அகலமெல்லாம் கரைந்து, முருங்கைக்காய் போல் ஒல்லியாகிவிட்டிருந்தது. அந்தப் பல் மறையும்வரை இனியும் தேய்த்தால், பல்லோடு கத்தியும் மறைந்துவிடும்.

வேறொரு சமயமாயிருந்தால் எப்படியாவது ஒப்பேற்றியிருப்பான். ஆனால் தை பிறந்ததும் பெரிய கங்காணி இருளப்பனின் மகள் ராக்கம்மாவுக்குக் கலியாணம். மணநாட் காலையில் மாப்பிள்ளைக்குப் பந்தலில் சவரம் செய்துவிடுவது தோட்டத்துச் சவரத் தொழிலாளியின் உரிமை. வேட்டியும் வெற்றிலையும் அவனுக்கே. இவ்வாண்டு அந்த உரிமையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. தேயிலை விலை விழுந்துவிட்டது. மலையில் வேலை செய்யாதவர்களுக்கு எதற்குப் பேர் போட்டுச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று துரை மாதந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். காளிமுத்துவின் பேர் வெட்டுப்படாமல் இருந்தது இருளப்பன் ஒருவரின் வாய்ச்சொல்லால்.

அந்த வாய்க்கு மேலேதான் தோட்டம் முழுவதற்கும் தெரிந்த மீசை இருந்தது. இருபுறமும் அணில் வால்போல் புடைத்து, நுனியில் மேல்நோக்கி வளைந்த மீசை. ஞாயிறுதோறும் அதன் நுனியைக் கத்தரிப்பவன் காளிமுத்து. பல் விழுந்த கத்தியைக் கண்ட இருளப்பன், மீசையைப் பத்திரமாகக் கையால் மூடிக்கொண்டார்.

"இதையா மாப்புள மொகத்துல வைக்கப் போற?"

"இல்லைங்க. கண்டிக்குப் போயி வேற கத்தி வாங்கியாறேங்க."

"வாங்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மாப்புளைக்கு மொகமெல்லாம் பரு. தாடி தேங்காத் தும்பு. ஒரு கீறல் விழுந்துச்சு, மறுநாளே நீ மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்கு நடையக் கட்டு. திகனையில ஒருத்தன் எப்ப எடம் காலியாகும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

காளிமுத்துவுக்கு மண்வெட்டி பிடிப்பது கேவலமென்ற எண்ணமில்லை. ஆனால் அவன் கை, கன்னத்தின் மேட்டையும் பள்ளத்தையும் அறிந்த கை. அட்டைக்கடியும் மண்வெட்டியும் அந்தக் கையை ஒரு மாதத்தில் மரக்கட்டையாக்கிவிடும். பிறகு எந்தக் கத்தியைக் கொடுத்தாலும் பயனில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி பேச்சியம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தானும் கூட வருவதாகச் சொன்னாள். "காசு எங்கிட்ட இருந்து போகுது. அது எங்க போயி உக்காருதுன்னு பாக்க வேணாமா?" இருவரும் இறக்கம் இறங்கி, பஸ் ஏறித் திகனையைக் கடந்து, தென்னக்கும்புரைப் பாலத்தில் மகாவலியைத் தாண்டிக் கண்டி வந்து சேர்ந்தார்கள்.

திருகோணமலை வீதியில் சாஹுல் ஹமீது என்பவரின் கடை இருந்தது. பூட்டு, கத்தரி, முகம் பார்க்கும் கண்ணாடி, கத்தி ஆகியவற்றை விற்பவர். நல்ல மனிதர்; வாடிக்கையாளரை ஏமாற்றி அறியாதவர். கண்ணாடி அலுமாரிக்குள் புதிய சவரக்கத்திகள் செம்பட்டு விரிப்பின்மேல் படுத்திருந்தன. மேசைமீது ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி நிறையப் பழைய கத்திகள். அதன் நெற்றியில் ஒட்டியிருந்த அட்டையில் நீலப் பென்சிலால் எழுதியிருந்தது: ‘பாவித்த சவற கத்தி. குரைந்த விலை.’

றகரம் இருக்கவேண்டிய ‘குறைந்த’ என்னும் சொல்லில் அது இல்லை. தனக்கு எவ்வித உரிமையும் இல்லாத ‘சவர’த்தில் போய்க் குந்தியிருந்தது. மிகவேண்டிய ககர ஒற்றோ எங்குமே இல்லை. விலை எப்போது குரைக்கக் கற்றுக்கொண்டதென்று அந்தக் கடைக்காரரிடம் கேட்பதற்குக் கண்டி மாநகரில் ஒருவருமே இல்லாதது வெட்கக்கேடு. ஆயினும் பிழையாக எழுதப்பட்ட சொற்கள் காளிமுத்துவுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பிழையின்றி எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லே அவனைக் கவிழ்த்தது.

இலங்கையிலே ‘பாவித்தல்’ என்றால் பயன்படுத்துதல். குடையைப் பாவிப்பார்கள், சவர்க்காரத்தைப் பாவிப்பார்கள், சட்டையைப் பாவிப்பார்கள். இத்தீவில் பிறந்த பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வந்த பொருள். காளிமுத்துவோ வந்து சில ஆண்டுகளே ஆனவன். அவ்வளவு காலமும் தன் ஊர்ப் பேச்சே வழங்கிய லயத்தை விட்டு அகலாதவன். அவனுடைய ஊரில் பாவிப்பதென்றால் பாவனை செய்வது, அதாவது நடிப்பது. கூத்து வாத்தியார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே, "அழுவுற மாதிரிப் பாவி, வெட்டுற மாதிரிப் பாவி" என்பதுதான். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தோட்டத்துக் கோமாளியும் அவன்தான். கோமாளி ஒரு பெரிய மனிதரைக் கதிரையில் இருத்தி, மரக்கத்தியால் பொய்ச்சவரம் செய்வான். தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஆகவே அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்த காளிமுத்து, பெட்டியில் இருப்பவை நாடகக் கத்திகள் என்று முடிவு செய்துவிட்டான். அவனுடைய லயத்தில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. மருந்துப் போத்தலில் ஒட்டிய தாள் முதல் கோயில் நோட்டீசு வரை அவனிடந்தான் வரும். எழுத்தில் வந்துவிட்டால் அதற்குமேல் விசாரணை கிடையாது என்பது அவன் கொள்கை.

"என்னா நானா, இதெல்லாம் பாவிச்ச கத்தியா?"

"ஓ தம்பி. எல்லாம் தொரமார் பாவிச்சது. மிச்சம் நல்ல சாமான்."

"தொரைமாரா?"

"பின்ன? வெள்ளக்காரன்தான் இத ஒழுங்காப் பாவிப்பான். காலையில எழும்பிக் கண்ணாடிக்கு முன்னுக்கு நிண்டு பாவிக்காட்டி அவனுக்குத் தேத்தண்ணி எறங்காது."

நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் காலத்தில் துரைமார் கிளப்பில் முகத்துக்குச் சாயம் பூசி நாடகம் ஆடுவார்களென்று பங்களாச் சமையற்காரன் சொன்னது காளிமுத்துவுக்கு நினைவு வந்தது. தினமும் கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்க்கிறார்கள் போலும் என்று எண்ணி வியந்தான்.

பேச்சியம்மாவுக்கும் வியப்புத்தான். "தெனமுமா? அப்ப வேலைவெட்டிய எப்பப் பாக்குறது?"

"அஞ்சி நிமிசத்து வேலதானே தங்கச்சி! தேயில வெல விழுந்து, இப்ப ஒவ்வொருத்தராச் சீமைக்கிப் போறாங்க. ஊட்டுச் சாமான ஏலத்துல உட்டாங்க, நான் எடுத்தன்."

"பாவம்" என்றாள் பேச்சியம்மா. தினமும் கூத்தாடிய மனிதர்கள் கூத்துச் சாமானையே விற்றுவிட்டுப் போவது அவளுக்குச் சங்கடமாயிருந்தது.

காளிமுத்து அலுமாரிப் பக்கம் திரும்பினான். முதலில் எடுத்த கத்தி கைக்குக் கனமாகவும், வயிறு ஒட்டியும், சுண்டினால் மணிபோல் ஒலித்தும் மனத்தைக் கொள்ளைகொண்டது. விலையைக் கேட்டதும் பட்டு விரிப்பில் மெதுவாகக் கிடத்திவிட்டான். பேச்சியம்மாவின் முடிச்சுக்கு எட்டியது ஒன்றே ஒன்று. வெள்ளைப் பிடி, அலகில் பொன்னெழுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் கண் கூசும். சுண்டினான். சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வந்தது. கடைத்தெரு இரைச்சலில் அப்படித்தான் கேட்கும் என்று மனத்தைச் சமாதானம் செய்தான்.

சாஹுல் ஹமீதுக்கு மனம் பொறுக்கவில்லை. "தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. இந்தச் சல்லிக்கிப் புதுசு வாங்கினா மினுக்கம் மட்டுந்தான் கெடைக்கும். அடுத்த மாசமே உருக்கு மடங்கும். உங்கட சல்லிக்கிப் பாவிச்சதுதான் நல்லம். வாய் நேரா ஈக்கா, முதுகு தேயாம ஈக்கா, ஆணி ஆடாம ஈக்கா எண்டு பாருங்க. மேல ஈக்கிற கறுப்பெல்லாம் பொருட்டில்ல."

"நான் கூத்தாட வரல நானா. தொழிலுக்கு வேணும்."

"தொழிலுக்குத்தானே நானும் சொல்றன்!"

"அதுவும் ஒரு தொழிலாத்தான் இருக்கும். நம்ம தொழிலு வேற."

பிறர் கைபட்ட பொருளைத் தொடாத ஆசாரக்காரன்போலும் என்று சாஹுல் ஹமீது நினைத்துக்கொண்டார். அத்தகையவர்களைக் கண்டு பழகியவராதலால் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் பேச்சியம்மா தகரப்பெட்டியிலிருந்து, கொம்புப்பிடியில் கீறல் விட்ட கறுத்த கத்தியொன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். பூண்டுத்தோல்போல் நகம் சுருண்டு வந்தது.

"இந்தா, இது வெட்டுதே!"

"வெட்டுற மாதிரி இருக்கும். செஞ்சவன் கெட்டிக்காரன்."

"நகம் வந்துருச்சுங்கிறேன்!"

"அதுல என்னா எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? வாசிப்பியா நீ?"

"எழுத்து எனக்குத் தெரியாது. நகந்தான் தெரியும்" என்றாள் அவள். பிறகு கத்தியைப் பெட்டியில் போட மனமில்லாமல், "கூத்துக்காச்சும் வாங்குங்க. போன மாசியில மரக்கத்தி ஒடஞ்சு போச்சில்ல?" என்றாள். அது நியாயமாகவே பட்டது. புதுக்கத்திக்குக் கொடுத்ததுபோக எஞ்சியிருந்ததைக் கொடுத்து, பிடி கீறிய கத்தியையும் வாங்கிக்கொண்டார்கள். பஸ் காசு தவிர வேறொன்றும் மீதியில்லை. ஆனாலும் காளிமுத்து மலையேறும்போது பாடிக்கொண்டே ஏறினான்.

பாட்டு மறுநாட்காலை நின்றது. புதுக்கத்தியைக் கல்லில் தீட்டினான், கூர் ஏறியது. தோல்வாரில் இழுத்தான், ஏறிய கூர் மடிந்தது. மறுபடி தீட்டினான்; மறுபடி மடிந்தது. தன் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தான். கத்தி மயிரை வெட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்து, வேரோடு இழுத்துப் பார்த்தது. கன்னம் மிளகாய் அரைத்ததுபோல் எரிந்தது.

கலியாணம் நெருங்க நெருங்க அவன் கல்லடியிலேயே கிடந்தான். எண்ணெயை மாற்றினான், வாரை மாற்றினான், பிடிக்கும் கோணத்தை மாற்றினான். மாறாதது உருக்கு ஒன்றே.

"அந்தக் கறுப்புக் கத்திய ஒருக்காத் தீட்டித்தான் பாருங்களேன்" என்றாள் பேச்சியம்மா.

"பொய்க்கத்திய மாப்புள மொகத்துல வைக்கச் சொல்றியா? மலைக்குப் போறதுக்கு நாள் குறிக்கிறியா நீ?"

அவள் மண்வெட்டியை மூலையிலிருந்து எடுத்து, துடைத்து, வாசலருகே சாத்தி வைத்தாள். அதைப் பார்த்தபின் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கலியாணத்துக்கு முந்திய நாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பந்தலில் கூட்டம் நிரம்பியது. வந்தவர்களுக்குக் காட்டுவதற்குத் தோட்டத்தில் என்ன இருக்கிறதென்ற பேச்சு எழுந்தது. "கோமாளி சவரம்!" என்று ஒரு குரல் வந்தது, அடுத்த நிமிடம் பந்தலே அதைக் கேட்டது. கலங்கிப்போய் ஓரத்தில் நின்ற காளிமுத்துவை இழுத்துவந்து நடுவில் விட்டார்கள். மறுநாள் தன் பிழைப்புப் போகப்போகிறதென்று அறிந்த மனிதன் இன்று சிரிக்கவைப்பது எவ்வளவு கடினமென்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? பேச்சியம்மா லயத்துக்கு ஓடிக் கறுத்த கத்தியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"யாருக்குச் சவரம்?" என்று காளிமுத்து கோமாளிக் குரலில் கூவினான்.

மகள் கலியாணத்தின் குதூகலத்தில் இருந்த இருளப்பன் தாமே கதிரையில் வந்து அமர்ந்தார். "வாடா! கூத்துக் கத்திதானே? மாப்புள வீட்டுக்காரவுக நம்ம தோட்டத்தப் பாத்துட்டுப் போகட்டும்!"

வேஷம் ஏறிவிட்டால் காளிமுத்துவுக்குக் கவலை தெரியாது. சவர்க்கார நுரையை அள்ளிக் கங்காணியாரின் முகத்தில் மீசை தாடி என்னும் பேதமின்றி அப்பினான். தோல்வாரின் ஒரு நுனியைப் பருத்த மனிதர் ஒருவரிடம் கொடுத்து, தான் ஓடி ஓடித் தீட்டினான். திரும்பி நின்று தீட்டினான். காலைத் தூக்கிக்கொண்டு தீட்டினான். தொழிலுக்கு எந்தக் கத்தியையும் அவன் அவ்வளவு நேரம் வாரில் இழுத்ததில்லை. பிறகு, மரக்கத்தியால் வழக்கமாகச் செய்வதுபோல், கங்காணியாரின் மூக்கைப் பிடித்துத் தலையைச் சாய்த்து, ஒரே இழுப்பாய் இழுத்தான். வேஷம் கோமாளியினுடையதாயினும் கை தொழிலாளியின் கை. கோணம் இம்மியும் பிசகவில்லை.

நுரையோடு ஏதோ ஒன்று இருளப்பனின் மடியில் பொத்தென்று விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. ஒட்டுமீசை என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள். காளிமுத்து மடியில் கிடந்த அணில் வாலைப் பார்த்தான், கங்காணியாரின் மழமழத்த பாதி உதட்டைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான்.

"என்னாடா எல்லாரும் அடங்கிட்டீங்க?" என்ற இருளப்பன், குனிந்து மடியைக் கண்டார். கை மெல்ல மேலெழுந்து, இடப்பக்கம் மீசையைத் தொட்டது. வலப்பக்கம் போனது. அங்கே தொடுவதற்கு ஒன்றுமில்லை.

"டேய்... காளிமுத்து!"

"பொய்க் கத்திங்க! சாமி சத்தியமாப் பொய்க் கத்திங்க! பாவிச்ச கத்தின்னு பெட்டியிலேயே எழுதியிருந்துச்சுங்க!"

"என்னான்னு எழுதியிருந்துச்சு?"

"பாவிச்ச கத்தின்னுங்க. பாவன பண்றதுக்கு... தொரைமாரு நாடகத்துல..."

இருளப்பன் எழுந்தார். பாதி மீசையோடு நிற்கும் மனிதர் கோபப்படுவதைப் பார்ப்பது எல்லோருக்கும் பெரும் சோதனையாயிருந்தது. "அட மடையா! நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சு. பாவிச்சதுன்னா இங்க பழசுடா! ஒழச்ச சாமான்! இந்தா, இந்த வேட்டிய நான் தீவாளியிலேருந்து பாவிக்கிறேன். அப்ப என்ன, வேட்டி கட்டுன மாதிரி நடிச்சுக்கிட்டா நிக்கிறேன்?"

பந்தலின் பின்பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை முதலில் சிரித்தாள். அது மணப்பெண் ராக்கம்மா. பிறகு எவராலும் அடக்க முடியவில்லை. இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மழித்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலுதட்டைத் தடவினார், மூக்கின் கீழ் தடவினார், விரலைக் கண்ணருகே கொண்டுபோய் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார்.

"எரியலையேடா" என்றார், வேறொரு குரலில். "மீச போனதே எனக்குத் தெரியல. சுடுதண்ணி வச்சு ஊற வச்சியா?"

"நுரை மட்டுந்தாங்க."

"என் மீசைக்கே தெரியாம என் மீசைய எடுத்துருக்க." அவர் மீண்டும் கதிரையில் அமர்ந்து தலையைச் சாய்த்தார். "மத்தப் பக்கத்தையும் எடு. பாதியோட மகளக் கட்டிக்குடுக்க முடியாது."

காளிமுத்து இடப்பக்கத்தில் புதிதாய் நுரையை அப்பினான். கறுத்த அலகு, வெண்ணெயில் இறங்குவதுபோல் ஓசையின்றி இறங்கியது. முருங்கைக்காயாய் ஒடுங்கிப்போன தகப்பனின் கத்தி அதன் நல்ல காலத்தில் இப்படித்தான் இருந்திருக்குமென்று அவனுக்குத் தோன்றியது. ஓரத்தில் அமர்ந்திருந்த மாப்பிள்ளை, இதுவரை தன் பருக்களை எண்ணி அஞ்சிக்கொண்டிருந்தவன், எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, நாளைக்கு எனக்கும் அந்தக் கத்திதானே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதேதான் மாப்புள."

மறுநாட்காலை மாப்பிள்ளையின் தேங்காய்த்தும்புத் தாடி ஒரு கீறலுமின்றி இறங்கியது. காளிமுத்து புதுவேட்டியும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் காணவில்லை. பேச்சியம்மா அதை மூலைக்கே கொண்டுபோய்விட்டிருந்தாள். அடுத்த மாதம் துரை மீண்டும் பழைய கேள்வியைக் கேட்டபோது, மீசை முளைத்துக்கொண்டிருந்த உதட்டால் இருளப்பன் சொன்ன பதில் தோட்டத்துக்குத் தெரியாது. காளிமுத்துவின் பேர் மட்டும் வெட்டுப்படவில்லை.

மாசியில் கூத்து வந்தது. கோமாளிக்குக் கத்தி வேண்டியிருந்தது. காளிமுத்து வெள்ளைப்பிடிக் கத்தியை எடுத்து விரித்தான். தீவட்டி வெளிச்சத்தில் பொன்னெழுத்து தகதகவென்று மின்னியது. கடைசி வரிசையிலிருந்த குழந்தைக்கும் தெரிந்தது. இம்முறை கதிரையில் அமர்ந்தவர் தலைமைக் கணக்கப்பிள்ளை. அவர் மீசைமேல் அதை நூறுதரம் இழுத்தும், ஒரு மயிர்கூட அசையவில்லை. கூத்து அவ்வாண்டைப்போல் என்றும் அமைந்ததில்லையென்று எல்லோரும் சொன்னார்கள்.

கூத்து முடிந்து சாமான்களைக் கட்டும்போது பேச்சியம்மா அந்தக் கத்தியைக் கையில் வாங்கி, நகத்தில் வைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கொடுத்த காசு வீணில்லைங்க" என்றாள். "இதுதான் அசல் பாவிச்ச கத்தி."

காளிமுத்து கறுத்த கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி, தகப்பனின் கத்தி இருந்த அதே துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டான்.